ஆப்பிள் பங்கு 1980-இல் 13 சென்ட்டுக்கா விற்றது? பழைய விலைத் தரவை வாசிப்பது குறித்து

கேள்வி – பிப்ரவரி 3, 2025

ஆப்பிள் பங்கின் முழு விலை வரலாற்றையும் ஒரு கோப்பாக இறக்கினேன். அந்தப் பங்கு சந்தைக்கு வந்த முதல் நாளான 1980 டிசம்பர் 12-இன் இறுதி விலை 0.128348 டாலர் என்றும், அன்று 46,90,33,600 பங்குகள் கைமாறின என்றும் அதில் இருக்கிறது. ஆனால் வெளியீட்டு விலை 22 டாலர் என்றுதான் எங்கும் படிக்கிறேன். போதாததற்கு, ‘சரிசெய்த இறுதி விலை’ என்று இன்னொரு பத்தி (நெடுவரிசை) உள்ளது. சென்ற ஆண்டு இறக்கிய கோப்பையும் இப்போதைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே தேதிக்கு அந்தப் பத்தியில் வேறு வேறு எண்கள் இருக்கின்றன. நடந்து முடிந்த வர்த்தகத்தின் விலை பிறகு எப்படி மாறும்? தரவு தவறானது என்பதே என் முடிவு.

பிப்ரவரி 3, இரவு

தரவு தவறில்லை. அது அன்றைய விலையை இன்றைய பங்கின் அளவுக்கு மாற்றிச் சொல்கிறது.

ஆப்பிள் இதுவரை ஐந்து முறை பங்குகளைப் பிரித்திருக்கிறது. 1987, 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் ஒன்றை இரண்டாகவும், 2014-இல் ஒன்றை ஏழாகவும், 2020-இல் ஒன்றை நான்காகவும் பிரித்தது. இவற்றைப் பெருக்கினால் 224 வருகிறது. 1980-இல் ஒரு பங்கு வாங்கி அசையாமல் வைத்திருந்தவரிடம் இன்று 224 பங்குகள் இருக்கும். எனவே அட்டவணையில் உள்ள 0.128348-ஐ 224-ஆல் பெருக்குங்கள். 28.75 டாலர் கிடைக்கும். 22 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளிலேயே 28.75-இல் முடிந்தது என்பதுதான் அந்த வரி சொல்லும் செய்தி.

பங்குகளின் எண்ணிக்கைக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 46,90,33,600-ஐ 224-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 20,93,900 வருகிறது. அன்று உண்மையில் கைமாறிய பங்குகள் அவ்வளவுதான். மீதியில்லாமல் வகுபடுவதே, அந்த எண்ணை யாரோ 224-ஆல் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நல்ல தடயம். பழைய தரவில் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். ‘சரிசெய்த இறுதி விலை’ பங்குப் பிரிப்போடு ஈவுத்தொகையையும் (நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பணம்) கணக்கில் எடுக்கிறது. நிறுவனம் ஈவுத்தொகை தரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொகை முந்தைய விலைகள் அனைத்திலிருந்தும் கழிக்கப்படுகிறது. ஆப்பிள் 2012 முதல் காலாண்டுக்கு ஒரு முறை ஈவுத்தொகை தருவதால், ஆண்டுக்கு நான்கு முறை அந்தப் பத்தி முழுவதும் மேலிருந்து கீழ்வரை மாறும். உங்கள் இரண்டு கோப்புகளும் வேறுபடுவதற்குக் காரணம் அதுவே.

பிப்ரவரி 4, காலை

நேற்று ‘கழிக்கப்படுகிறது’ என்று எழுதியது தவறு. பெரும்பாலான தரவுகளில் ஒரு விகிதத்தால் பெருக்குகிறார்கள்.

ஒரு பங்கு 200-இல் முடிகிறது, மறுநாள் முதல் அதை வாங்குபவருக்கு 4 ஈவுத்தொகை கிடையாது என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 200-ஆல் வகுத்தால் 0.02. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.98. அந்த நாளுக்கு முந்தைய எல்லா விலைகளையும் 0.98-ஆல் பெருக்க வேண்டும். 200 என்பது 196 ஆகும். அதற்கும் முன்பு 50-ஆக இருந்தது 49 ஆகும். அடுத்த ஈவுத்தொகை வரும்போது இன்னொரு விகிதம் இதன்மேல் சேரும்.

கழிப்பதற்கும் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. ஒரு காலத்தில் 3-க்கு விற்ற பங்கு அதன் பிறகு மொத்தமாக 10 ஈவுத்தொகை தந்திருந்தால், கழித்தல் முறையில் பழைய விலை எதிர்மறை எண்ணாகிவிடும். எதிர்மறை விலையை வைத்து எந்தச் சதவீதக் கணக்கும் போட முடியாது. பெருக்கினால் ஒவ்வொரு நாளின் சதவீத ஏற்ற இறக்கமும் முதலீட்டாளர் உண்மையில் பெற்றதற்கு ஒத்துவரும். அந்தப் பத்தியை உருவாக்கியதன் நோக்கமே அதுதான்.

பிப்ரவரி 6

இந்தப் பத்தியால் நான் இழந்த மூன்று வாரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதே குழிக்குள் இன்னும் பலர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் தொடக்க விலைக்கு வாங்கி, அன்றே இறுதி விலைக்கு விற்றால் நீண்ட காலத்தில் என்ன கிடைக்கும் என்று ஒரு பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓர் உத்தியை ஓட்டிப் பார்க்கும் சோதனை) எழுதினேன். ‘சரிசெய்தது’ என்ற பெயரே நம்பிக்கை தந்ததால் இறுதி விலைக்கு அந்தப் பத்தியை எடுத்தேன். தொடக்க விலைக்கு, இருந்த ஒரே பத்தியை எடுத்தேன். நான் சோதித்த பங்குகள் எல்லாமே ஒழுங்காக ஈவுத்தொகை தருபவை. முடிவு திகைக்க வைத்தது. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் நட்டம், பின்னோக்கிப் போகப் போக நட்டம் இன்னும் பெரியது. அப்படியானால் காலையில் விற்று மாலையில் திரும்ப வாங்கினால் தினமும் லாபம் என்று தலைகீழாக யோசித்தேன். பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையில் இருபது பங்குகளுக்கு அதே சோதனையை ஓட்டினேன். இருபதிலும் அதே முடிவு வந்தது. அதை என் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த உறுதியாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரே ஒரு வரியை எடுத்துத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. தொடக்க விலை 50.20. இறுதி விலை 50.60. சரிசெய்த இறுதி விலை 38.20. பங்கு அன்று 40 காசு ஏறியிருக்கிறது. என் நிரலோ 50.20-லிருந்து 38.20-க்கு இறங்கியதாக எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் 12 நட்டம் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோப்பில் தொடக்க விலை, உச்சம், தாழ்வு மூன்றும் பங்குப் பிரிப்புக்கு மட்டுமே சரிசெய்யப்பட்டவை. ஈவுத்தொகைக்கும் சேர்த்துச் சரிசெய்யப்பட்டது அந்தக் கடைசிப் பத்தி மட்டுமே. ஒரே வரியில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே அளவுகோலில் இருக்கும் என்று நான் எண்ணியதே பிழை.

திருத்தம் எளிது. 38.20-ஐ 50.60-ஆல் வகுத்தால் 0.755 அளவில் ஒரு விகிதம் கிடைக்கிறது. அதே விகிதத்தால் தொடக்க விலையையும் உச்சத்தையும் தாழ்வையும் பெருக்க வேண்டும். 50.20 என்பது 37.90 ஆகிறது. 37.90-லிருந்து 38.20 என்றாலும் 50.20-லிருந்து 50.60 என்றாலும் ஏற்றம் 0.8 சதவீதம்தான். திருத்திய பின் என் கண்டுபிடிப்பில் எதுவும் மிஞ்சவில்லை.

இருபது பங்குகளில் ஒரே முடிவு வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது நிறுவனங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்றால், அவற்றுக்குப் பொதுவாக இருந்தது என் நிரல் ஒன்றே.

பிப்ரவரி 9

‘அப்படியென்றால் எல்லாப் பத்திகளையும் முழுமையாகச் சரிசெய்துவிட்டு அதை மட்டுமே பயன்படுத்தினால் போதும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த விலை வேண்டும் என்று சொல்ல முடியும்.

சிட்டி குழுமம் 2011 மே மாதத்தில் பத்துப் பங்குகளை ஒன்றாகச் சேர்த்தது. எனவே இன்றைய சார்ட்டில் அதன் பழைய விலைகள் எல்லாம் பத்து மடங்காகத் தெரியும். 2009 மார்ச் தொடக்கத்தில், நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, அந்தப் பங்கு ஒரு டாலருக்கும் கீழே வர்த்தகமானது. உலகின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றின் பங்கு ஒரு டாலர்கூடப் பெறவில்லை என்பது அன்று சந்தையை உலுக்கிய செய்தி. இன்று தரவை இறக்குபவருக்கு அதே நாளில் பத்து டாலரை ஒட்டிய ஓர் எண்தான் தெரியும். அன்றைய மனிதர்கள் எந்த எண்ணைக் கண்டு அஞ்சினார்களோ, அந்த எண் அட்டவணையிலேயே இல்லை.

இதைவிட ஆபத்தானது, சரிசெய்த விலை எதிர்காலத்தைக் கசியவிடுவது. ‘ஒரு டாலருக்குக் கீழே உள்ள பங்குகளை மட்டும் வாங்கு’ என்று ஒரு விதி எழுதி 2003-ஆம் ஆண்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஆப்பிள் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். 2003-இல் 14 டாலருக்கு விற்ற ஆப்பிள் பங்கு, அதன் பிறகு நடந்த மூன்று பிரிப்புகளால் 56-இல் ஒரு பங்காகி, அட்டவணையில் 25 சென்ட்டாக நிற்கிறது. ஆனால் பின்னாளில் மூன்று முறை பிரிக்கும் அளவுக்கு வளரப்போகும் பங்கு இது என்று 2003-இல் யாருக்குத் தெரியும்? அந்த 25 சென்ட் என்ற எண்ணே 2020-இல்தான் பிறந்தது. பெரிதாக வென்ற நிறுவனங்கள்தாம் மீண்டும் மீண்டும் பங்கைப் பிரிக்கின்றன. ஆகவே சரிசெய்த விலையில் ‘மலிவான’ பழைய பங்குகளைத் தேடினால், பின்னாளில் வென்றவற்றைத்தான் தேடி எடுக்கிறோம். விதி அற்புதமாக வேலை செய்வதாகத் தோன்றும். நாளை அதை வைத்து ஒரு பங்கைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

விகிதங்களுக்கும் வருமானத்துக்கும் சரிசெய்த விலை. அன்றைய விலை அளவே முக்கியம் என்றால் அன்று பலகையில் தெரிந்த விலை. நான் இப்போது இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்துப் படிக்கவும். மூன்றாவதாக ஒரு கோப்பும் வேண்டும். பிரிப்பு, போனஸ், ஈவுத்தொகை, நிறுவனப் பிரிவு ஆகியவற்றின் தேதிப் பட்டியல் அது. அந்தப் பட்டியலும் சரிசெய்யாத விலையும் கையில் இருந்தால் சரிசெய்த விலையை நாமே எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். சரிசெய்ததை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியல் இல்லாமல் பின்னோக்கிப் போக முடியாது.

நிறுவனப் பிரிவில்தான் தளங்கள் ஒன்றோடொன்று மிகவும் முரண்படுகின்றன. 2015 ஜூலையில் ஈபே நிறுவனத்திலிருந்து பேபால் தனியாகப் பிரிந்தது. ஒவ்வோர் ஈபே பங்குக்கும் ஒரு பேபால் பங்கு கிடைத்தது. அடுத்த வர்த்தக நாளில் ஈபே பங்கின் விலை பாதிக்கும் கீழே இருந்தது. பங்கு வைத்திருந்தவருக்கு அதனால் நட்டமில்லை. சொத்து இரண்டு பெயர்களில் பிரிந்தது, அவ்வளவே. இந்த நிகழ்வைக் கணக்கில் எடுக்காத தரவில் அது ஒரு பெருவீழ்ச்சியாகவே பதிவாகும். பெரிய ஒருநாள் சரிவு ஒன்றைக் கண்டால், அது உண்மையான வீழ்ச்சியா நிறுவனப் பிரிவா என்று நிகழ்வுப் பட்டியலைப் பார்க்காமல் நான் இப்போது எதையும் எழுதுவதில்லை.

பிப்ரவரி 15

இதுவரை அட்டவணையில் இருக்கும் எண்களைப் பற்றியே பேசினேன். அட்டவணையில் இல்லாத பங்குகளைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டில் (இண்டெக்ஸ்) இன்று இருக்கும் நிறுவனங்களின் பெயர்களை எடுத்து, அவற்றின் இருபது ஆண்டு விலையை இறக்கிச் சோதிப்பது பலருடைய வழக்கம். என் வழக்கமும் அதுவாகத்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு தாக்கல் செய்த லேமன் பிரதர்ஸ் இருக்காது. 2001 டிசம்பரில் விழுந்த என்ரான் இருக்காது. விழுந்தவை எல்லாம் நீக்கப்பட்ட பிறகு எஞ்சியவற்றை மட்டும் பார்த்து, ‘பங்குகள் விழுந்தாலும் எழுந்துவிடுகின்றன’ என்று முடிவுகட்டுகிறோம். எழாதவை நம் கோப்பிலேயே இல்லை.

இதைச் சரியாகச் செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்குச் சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு சான்று. அங்கே 1960-இல் பங்கு விலை ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் நியூயார்க் பங்குச் சந்தையின் பொதுப் பங்குகள் அனைத்துக்கும் 1926 முதல் விலைகளைத் திரட்டி, 1964-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தையிலிருந்து மறைந்துபோன பங்குகளையும் சேர்த்தே திரட்டியதுதான் அந்தப் பணியின் பெருமை. இன்று ஒரு பொத்தானை அழுத்தி நாம் இறக்கும் பல கோப்புகளில் அந்தக் கவனம் இல்லை.

சந்தையில் நிறுவனப் பெயருக்குப் பதிலாகப் பயன்படும் குறியீட்டு எழுத்துகளையும் நம்ப வேண்டாம். ஃபேஸ்புக் நிறுவனம் 2022 ஜூன் மாதம் ‘மெட்டா’ என்ற குறியீட்டுக்கு மாறியது. அதே ஆண்டின் தொடக்கம் வரை அந்தக் குறியீடு சம்பந்தமில்லாத ஒரு முதலீட்டு நிதியுடையது. குறியீட்டை மட்டும் வைத்து இரண்டு காலத்துக் கோப்புகளை ஒட்டினால் சம்பந்தமே இல்லாத இரண்டு விலைகள் ஒரே வரைகோடாகிவிடும்.

பிப்ரவரி 16

சார்ட்டை எந்த அளவுகோலில் வரைவது என்று கேட்டவருக்கு: நீண்ட காலத்துக்கு மடக்கை அளவுகோலையே (சம சதவீத மாற்றங்கள் சம உயரமாகத் தெரிவது) வையுங்கள். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு 508 புள்ளிகள் இழந்தது. அது 22.6 சதவீதம். குறியீடு 40,000-இல் இருக்கும்போது அதே 508 புள்ளிகள் ஒன்றேகால் சதவீதம்தான். சாதாரண அளவுகோலில் வரைந்த நூற்றாண்டுச் சார்ட்டில் அந்தக் கறுப்புத் திங்களைக் கண்டுபிடிக்கவே சிரமப்படுவீர்கள்.

பிப்ரவரி 21

6-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். விகிதத்தைச் சரிசெய்துவிட்டால் அந்தச் சோதனை சரியாகிவிடும் என்பது போல எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மை.

நாளொன்றுக்கு ஒரு வரி என்ற தரவில் உச்சமும் தாழ்வும் உண்டு. எது முதலில் வந்தது என்பது இல்லை. 100-இல் வாங்கிய பங்குக்கு 104-இல் லாப இலக்கும் 97-இல் ஸ்டாப் லாஸும் (நட்டத்தை நிறுத்த விற்கும் விலை) வைத்திருக்கிறோம். அன்றைய வரியில் உச்சம் 105, தாழ்வு 96. லாபமா நட்டமா? அந்த வரியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என் பழைய நிரல் ஒன்று உச்சத்தை முதலில் சரிபார்த்ததால், இப்படிப்பட்ட நாட்களை எல்லாம் லாபக் கணக்கில் எழுதியது. நிபந்தனைகளின் வரிசையை மாற்றினேன். லாபம் காட்டிக்கொண்டிருந்த உத்தி நட்டத்துக்குப் போனது. இப்போது ஐயமுள்ள நாட்களை நட்டமாகவே எண்ணுகிறேன். அப்போதும் தாக்குப்பிடித்தால் மட்டும் நிமிடத் தரவுக்குப் போகிறேன்.

தொடக்க விலையும் அப்படியே. வர்த்தகம் குறைந்த பங்கில் அது நூறு பங்குகள் கைமாறிய ஒரே ஒரு வர்த்தகமாகக்கூட இருக்கலாம். அந்த விலையில் நமக்கு வேண்டிய அளவு கிடைத்திருக்கும் என்று வரி சொல்லவில்லை. இறுதி விலைக்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. சில சந்தைகளில் அது நாளின் முடிவில் நடக்கும் ஏலத்தின் விலை, சிலவற்றில் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரி, சிலவற்றில் கடைசி வர்த்தகத்தின் விலை.

பிப்ரவரி 22

குறியீடுகளிலும் ஈவுத்தொகைச் சிக்கல் உண்டு என்று நினைவூட்டியவர் சொல்வது சரி. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் 29 அன்று 38,915.87-இல் முடிந்தது. அந்த அளவைத் தாண்டி முடிய 2024 பிப்ரவரி 22 வரை ஆயிற்று. இன்றோடு அதற்குச் சரியாக ஓராண்டு. 34 ஆண்டுகள் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று இதைச் சொல்வார்கள். நிக்கேய் விலையை மட்டும் அளக்கும் குறியீடு. இடையில் கிடைத்த ஈவுத்தொகை அதில் சேராது. ஜெர்மனியின் டாக்ஸ் குறியீட்டிலோ, வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் எண்ணிலேயே ஈவுத்தொகை சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சார்ட்டில் போட்டு எந்த நாடு வென்றது என்று கேட்பதில் பொருளில்லை.

தவிர, 1989-இன் கடைசி வர்த்தக நாளைத் தொடக்கமாக எடுப்பதே ஒரு தேர்வு. தொடக்கத் தேதியை நாம் தேர்ந்தெடுத்தோமா, தரவு தொடங்கும் இடம் என்பதால் அமைந்ததா என்று நான் ஒவ்வொரு கோப்பின் மேலும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1

முதலில் கேட்டவர் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார். அதே 1980 டிசம்பர் 12-இல் உச்சம் 0.128906 என்று இருக்கிறது. இறுதி விலைக்கும் அதற்கும் 0.000558 தான் வேறுபாடு. இவ்வளவு நுண்ணிய எண்ணுக்கு என்ன பொருள் என்பது கேள்வி.

224-ஆல் பெருக்குங்கள். உச்சம் 28.875, இறுதி விலை 28.75. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சந்தையில் விலைகள் எட்டில் ஒரு டாலர் என்ற படிகளில் நகர்ந்தன. 1997-இல் அது பதினாறில் ஒன்றானது. 2001-இல்தான் சென்ட் கணக்குக்கு மாறினார்கள். 0.000558 என்பது சரியாக எட்டில் ஒரு டாலர், அதாவது ஒரே ஒரு படி. ஆப்பிள் பங்கு முதல் நாளில் தன் உச்சத்துக்கு ஒரு படி கீழே முடிந்திருக்கிறது.